பெயர் எழுதாத நிழற்படம்

மூதாதையர் வாழ்ந்த மண்ணைத் தேடிச் செல்லும் பயணம் இன்று உலக இலக்கியத்தில் தனியொரு வகையாகவே வளர்ந்துவிட்டது. இவ்வகையில் மிகுதியாக எழுதப்பட்டிருப்பது சீன வழித்தோன்றல்களின் பயணம். அமெரிக்காவிலோ கனடாவிலோ பிறந்த பேரப்பிள்ளை ஒருவர், தாத்தா புறப்பட்ட சிற்றூரைத் தேடிச் சீனாவுக்குப் போகிறார். பழைய வீட்டு வாசலில் தயங்கி நிற்கிறார். இதுவரை கண்டிராத உறவினர் ஒருவர் வந்து கையைப் பற்றிக்கொள்கிறார். வாசகர் கண் கலங்குகிறார்.

இது நமக்குத் தொலைவான பொருள் என்று தமிழ் வாசகர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. நம் ஜவ்வாது மலைமக்கள் சமவெளியிலுள்ள ஒரு மூதூரைத் தம் பிறப்பிடமாகச் சொல்லி வருகின்றனர். நம் நீலகிரிச் சரிவில் சீனத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் வளர்ந்திருக்கின்றனர். இவ்விரு செய்திகளும் ஒரே நூலில் இடம்பெற்றுள்ளன. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூல் அது. 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்னும் பெயரில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அதனைத் தமிழிலும் கொணர்ந்துள்ளது. அந்நூலின் இரு பகுதிகளையும், அவற்றோடு இரண்டு புதினங்களையும் அருகருகே வைத்து நோக்க இக்கட்டுரையில் விழைகிறோம். வேரைத் தேடும் எழுத்தை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதே நம் வினா. அது யாருடைய பெயரைக் காத்து வைத்திருக்கிறது, யாருடைய பெயரை விட்டுவிட்டது என்பதே அந்த அளவுகோல் என்று நாம் கருதுகிறோம்.

பாலாற்றில் திரும்பிய நாய்கள்

ஜவ்வாது மலைத்தொடர் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சாமை விளையும் சரிவுகளும், சந்தன மரங்களும், ஜமுனாமரத்தூர்ச் சந்தையும், காவலூர் வானோக்கு நிலையமும் அதன் அடையாளங்கள். அங்கு வாழும் மலையாளிகள் தமிழ் பேசுவோர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் என்பது இவர்களது மரபுவழிச் செய்தி. வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பதிவான அச்செய்தியைத் தர்ஸ்டன் எடுத்தாள்கிறார்.

கங்குந்தி வேடர்கள் காஞ்சி வேளாளரிடம் பெண் கேட்டனர். இகழ்ச்சியோடு மறுக்கப்பட்டதால் சினமுற்று ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் மட்டும் தனியே திரும்பினால் தாங்கள் மாண்டுவிட்டதாகக் கொண்டு இறுதிச் சடங்குகளை முடித்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் அரும்பாடுபட்டுக் கரையேறினர். பாதி ஆறு நீந்திய நாய்களோ திரும்பிக் காஞ்சிக்கே போய்விட்டன. வேடரைக் கொன்று வெற்றியோடு ஊர் மீண்ட ஆடவர் கண்டது என்ன? தங்களுக்கான ஈமக்கடன்கள் முடிந்திருந்தன, மனைவியர் கைம்பெண்களாகியிருந்தனர். இறந்தவர் எனத் தீர்க்கப்பட்டவருக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினர். அவர்கள் வழிவந்தோரே இம்மலைமக்கள் என்று கதை முடிகிறது.

இது வரலாறா, புனைவா என்னும் ஆய்வு நம் நோக்கமன்று. வேர் தேடும் பயணத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான கதையைக் காண்பது அரிது. ஊர் திரும்புதல் என்பது திரும்புகிறவனின் காலால் மட்டும் முடிவதில்லை. ஊர் அவனை உயிரோடிருப்பவனாக ஏற்றுக்கொண்டால்தான் அது நிறைவுறுகிறது. ஏற்றுக்கொள்வாரின்மையால், வாசல்வரை வந்தவர்களுக்கும் பிறந்த ஊர் அயலூராயிற்று.

ஆயினும் இக்கதையில் ஒரு பெரும் மௌனம் இருக்கிறது. காஞ்சியின் பெயர் நினைவில் நிற்கிறது. குலத்தின் பெயர் நிற்கிறது. நாய்களின் எண்ணிக்கைகூட நிற்கிறது. ஊரே கைவிட்ட அந்த ஆடவரை ஏற்று வாழ்வளித்த வேடர் குலப் பெண்களின் பெயர்களோ ஊர்களோ கதையில் இல்லை. புறந்தள்ளிய ஊர் வேராகப் போற்றப்படுகிறது. அணைத்துக்கொண்ட தாய்மார் மறக்கப்படுகின்றனர். மலைமக்களை மட்டும் இதற்காகக் குறை சொல்வது நேர்மையாகாது. தமிழகத்தில் குலவரலாறு எழுதப் புகுந்தோர் பலரும் செய்தது இதுவே. வேரைத் தேடுகிறோம் என்று சொல்லி உயர்வைத் தேடினோம். அரசமரபோ அந்தணர் மரபோ வேளாளர் மரபோ கிடைக்கும்வரை தோண்டினோம். கிடைத்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டோம்.

நடுவட்டத்துச் சீனர்

இதே நூலில் தர்ஸ்டன் நம்மை நீலகிரிக்கு அழைத்துச் செல்கிறார். மலேரியாவுக்கு மருந்தாகும் குயினைனைத் தரும் சிங்கோனா மரங்களை ஆங்கில அரசு 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டது. தோட்ட வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. பினாங்கு, சிங்கப்பூர் முதலிய நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டனர். தண்டனைக் காலம் முடிந்தபின் சிலர் அங்கேயே தங்கினர். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் குடியமர்ந்தனர். தமிழ்த் தலித் பெண்களை மணந்தனர். சிறிதளவு காப்பி பயிரிட்டும் மாடு வளர்த்தும் பிழைத்தனர்.

தர்ஸ்டன் அவர்களின் உடலளவுகளை எடுக்க விரும்பி ஆளனுப்பினார். பணம் தருவதாகவும் சொல்லியனுப்பினார். வறியவராயிருந்தும் சீனர் பணம் வேண்டாம் என்றனர். தங்கள் நிழற்படங்களின் படிகளை நினைவுப் பொருளாகத் தந்தால் போதும் என்று பணிவோடு மறுமொழி அனுப்பினர். இதனை இனப்பண்பின் வேறுபாடாகக் காட்டி, பணம் கேட்கும் இந்தியரோடு ஒப்பிட்டு மகிழ்கிறார் தர்ஸ்டன். அம்மறுமொழியின் ஆழம் அவருக்குப் புலப்படவில்லை. தாய்நாட்டுக்குத் திரும்பும் வழியற்ற மனிதர் சிலர், தாங்கள் வாழ்ந்ததற்குச் சான்றாக ஒரு படத்தையாவது பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல விழைந்தனர் என்றே நமக்குப் படுகிறது. அது பண்பின் வேறுபாடு மட்டுமன்று; வேரின் பசி.

அந்நூல் அப்பசிக்கு என்ன தந்தது? தந்தையின் தோற்றத்தைச் சொல்கிறது. தாயின் கருமையைச் சொல்கிறது. பிள்ளைகளின் நிறம் தாயினும் தந்தையை ஒத்திருந்ததைச் சொல்கிறது. சரிந்த கண்ணையும் தட்டையான மூக்கையும் சொல்கிறது. ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. சீனாவில் எந்த மாநிலம், எந்த ஊர் என்னும் குறிப்பும் இல்லை. அக்குடும்பத்தின் வழிவந்தவர் ஒருவர் இன்று அப்பக்கத்தைப் புரட்டினால் தம் கொள்ளுப்பாட்டனின் மூக்கைத் தெரிந்துகொள்ளலாம். அவரை அழைத்த பெயரைத் தெரிந்துகொள்ள முடியாது.

இது சிறு குறையன்று. சீன மரபில் பெயரே வழிகாட்டி. ஒரே குடும்பப் பெயருடைய குலத்தார் தலைமுறை தலைமுறையாக வமிசாவளிப் புத்தகம் எழுதி வைப்பர். ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய எழுத்து ஒன்று முன்கூட்டியே வகுக்கப்பட்டு, அத்தலைமுறையினரின் பெயர்களில் அமையும். எனவே நூறாண்டு கழித்து வந்து நிற்கும் அந்நியன் தன் பாட்டனின் முழுப்பெயரைச் சொன்னால், ஊர் முதியோர் புத்தகத்தைப் புரட்டி, அவன் எக்கிளையில் எத்தனையாவது தலைமுறை என்று சொல்லிவிடக்கூடும். அந்தப் பெயரைத்தான் தர்ஸ்டனின் ஏடு எழுதாமல் விட்டது.

தாயின் நிலை இதனினும் பரிதாபமானது. தந்தை சொன்ன ஒரு வாசகமாவது நூலில் பதிவாகியிருக்கிறது. தாய் வாய் திறந்ததாகவே குறிப்பில்லை. சாதிப் பெயரும் தோல் நிறமும் தவிர அவரைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் அப்பிள்ளைகளின் வேரில் பாதி அவருடையது. கடல் கடந்து தேட வேண்டிய வேர் ஒன்று என்றால், மலையடிவாரத்துச் சேரி ஒன்றில் தேட வேண்டிய வேர் மற்றொன்று. முன்னதைத் தேடிப் போக இன்று விமானம் இருக்கிறது; பயணத்தைப் புகழ வாசகரும் இருக்கின்றனர். பின்னதைத் தேடிப் போகத் துணிவு வேண்டும்.

வெட்டப்பட்ட சடை

அந்தத் தந்தை சொன்னதாகப் பதிவான வாசகம் கத்தோலிக்க வாசகராகிய நம்மை நிறுத்தி யோசிக்கச் செய்கிறது. அவருக்கிருந்த ஒரே மனக்குறை, கிறிஸ்தவராகும்போது தம் சடையை வெட்ட நேர்ந்தது என்பதே. எச்சபையில் சேர்ந்தார் என்பது குறிப்பில் இல்லை. அவருடைய கொச்சை ஆங்கிலத்தை அப்படியே தந்து, வேடிக்கையாகவே அதைச் சொல்லிச் செல்கிறார் தர்ஸ்டன். நாமோ அதை வேடிக்கையாகக் கடந்து செல்ல இயலாது.

மஞ்சு இன அரசர்கள் 1645 முதல் சீன ஆடவர் அனைவருக்கும் அந்தச் சடையைக் கட்டாயமாக்கினர். அதை அறுப்பது அரசுக்கு எதிரான கலகம். அப்பேரரசு 1912-இல் வீழும்வரை, சடையின்றி ஊர் திரும்பும் ஒருவர் ஐயத்துக்கும் ஆபத்துக்கும் உள்ளாக நேரும். ஆகவே நடுவட்டத்துச் சீனர் இழந்தது வெறும் மயிரையன்று. ஊர் திரும்பும் வழியையும் சேர்த்தே இழந்தார். புதுப்பிறப்பின் அடையாளமாகிய திருமுழுக்கு, அவருடைய பழைய பிறப்பிடத்தின் கதவை அடைத்துவிட்டது.

இவ்வாறுதான் நடந்தாக வேண்டும் என்று விதியில்லை. சீனாவில் பணிபுரிந்த இயேசு சபையினர் மத்தேயு ரிச்சியின் வழியில் அந்நாட்டு அறிஞரின் உடையை ஏற்றனர்; மஞ்சு ஆட்சியில் அவருக்குப் பின்வந்தோர் சடையும் வளர்த்தனர். நம் மதுரையில் 1606-இல் பணி தொடங்கிய இராபர்ட் தெ நொபிலியின் முறையை ஆராய்ந்த திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, 1623-இல் கிறிஸ்தவர் குடுமி வைத்துக்கொள்ள இசைவு தந்தார். தமிழனின் குடுமிக்குக் கிடைத்த இசைவு, அதே தமிழ் மலையில் வாழ்ந்த சீனரின் சடைக்குக் கிடைக்கவில்லை.

முன்னோர் வணக்கத்தின் கதையும் இத்தகையதே. இறந்த முன்னோரின் பெயர்ப் பலகைகளுக்கு முன் சீனர் தலைவணங்குவது வழிபாடா, மரியாதையா என்னும் சர்ச்சை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1742-இல் அதைத் தடை செய்தார். இரண்டாண்டுகளில், 1744-இல், நம் நாட்டு மலபார் சடங்குகள் பற்றியும் தீர்ப்பளித்தார். திருச்சபை 1939-இல் சீனத் தடையைத் தளர்த்தி, அவ்வணக்கத்தை முன்னோருக்குரிய மரியாதையாக ஏற்றது. எனவே இன்று சீனாவிலுள்ள குலமனைக்குள் நுழையும் ஒரு கத்தோலிக்கப் பேரன் முன்னோரின் பெயர்ப் பலகை முன் மனம் உறுத்தாமல் தலைவணங்கலாம். இடைப்பட்ட தலைமுறைகளோ, விசுவாசத்துக்கும் முன்னோருக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது.

வசந்தத்தில் சீனர் கல்லறைகளைத் துப்புரவு செய்து படையலிடும் நாளைப் பற்றிப் படிக்கும்போது, நவம்பர் 2-ஆம் நாள் நமக்கு நினைவுக்கு வராமல் போகாது. புல்லைக் களைந்து, சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுதிரியும் வைத்து நாம் நிற்கும் நிலை அவர்களுக்கு அந்நியமானதன்று.

படத்தின் பின்புறம்

இனிப் புதினத்துக்கு வருவோம். அமெரிக்காவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த ஏமி டான், 1987-இல் தாயோடு முதன்முறையாகச் சீனா சென்று, தாய் அங்கே விட்டுவந்த மூத்த பெண்களைக் கண்டார். அவருடைய 'ஜாய் லக் கிளப்' 1989-இல் வெளிவந்தது. அதன் இறுதிப் பகுதியில் ஜிங்மெய் என்னும் பெண், தாய் இறந்தபின் தந்தையோடு சீனா செல்கிறாள். போர்க்காலத்தில் தாய் வழியோரத்தில் விட்டுவர நேர்ந்த இரட்டைப் பெண்களை, தன் அக்காமாரை, ஷாங்காய் நகரில் சந்திக்கிறாள். தாயின் தோழியர் பணம் சேர்த்துக் கொடுத்து அவளை வழியனுப்பியிருக்கின்றனர்.

இப்புதினம் தன் கருத்தாக வெளிப்படையாக முன்வைப்பது இரத்தத்தை. சீனத்தன்மை இரத்தத்தில் இருக்கிறது. காலம் வரும்போது அது தானே வெளிப்படும் என்று தாய் சொல்லியிருக்கிறாள். மகளும் இறுதியில் அதையே உணர்வதாகக் கதை முடிகிறது. வாசகரைப் பெரிதும் கவர்ந்த முடிவு இது. ஆனால் கதை நடக்கும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால் அது வேறொன்றைச் சொல்கிறது.

குழந்தைகளை விட்டுச் செல்லும்போது அத்தாய் நகைகளையும் பணத்தையும் மட்டும் வைக்கவில்லை. குடும்பப் படங்களையும் வைக்கிறாள். அப்படங்களின் பின்புறத்தில் குழந்தைகளின் பெயர்களையும் சேரவேண்டிய முகவரியையும் எழுதி வைக்கிறாள். அவர்களை எடுத்து வளர்த்த ஏழைத் தம்பதியருக்கு எழுத்துத் தெரியாது. வளர்ப்பில் பெயர்களும் மாறிவிட்டன. பல ஆண்டுகள் கழித்துத் தாயின் பள்ளித் தோழி ஒருத்தி கடையொன்றில் அவ்விருவரையும் கண்டு, முகச்சாயலால் ஐயுற்று, பழைய பெயர்களைச் சொல்லி அழைக்கிறாள். முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. அவள் விடாமல் கேட்டபின்னரே, பழைய படத்தின் பின்புறம் எழுதியிருந்த பெயர்கள் அவர்களுக்கு நினைவுக்கு வருகின்றன.

இரத்தம் தந்தது ஓர் ஐயத்தை மட்டுமே. அதை உறவாக்கியது எழுதி வைத்த பெயர். புதினத்தின் கருத்தைவிடப் புதினத்தின் கதை ஞானமுள்ளது என்று நாம் சொல்லத் துணிகிறோம். ஜிங்மெய் தன் பெயருக்கும் அக்காமார் பெயருக்கும் தாயின் பெயருக்கும் பொருள் என்னவென்று அறிவதும் இந்தப் பயணத்தில்தான். தந்தை ஓர் இரவில் அவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறார். இறுதியில் மூன்று சகோதரியரும் உடனே படம் தரும் கருவியில் எடுத்த நிழற்படத்தைப் பார்த்தபடி நிற்கின்றனர். மெல்ல மெல்லத் தெளியும் அப்படத்தில் மூவர் முகமும் சேர்ந்து தாயின் சாயலைக் காட்டுகின்றன. நடுவட்டத்துச் சீனர் கேட்ட நிழற்படம் இதுதான். எடுத்தவர் பார்த்து எழுதிக்கொள்ளும் படமன்று. எடுக்கப்பட்டவர் பார்த்து ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் படம்.

இன்னுமொன்று. சீன வமிசாவளிப் புத்தகங்களில் பெண்மக்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மனைவியர் தந்தைவீட்டுக் குடும்பப் பெயரால் மட்டும் குறிக்கப்படுவர். ஏமி டானின் கதை அவ்வழக்கத்தை மாற்றித் தாயின் கையெழுத்தையே வமிசாவளியாக்குகிறது. இப்புதினத்தின் மெய்யான சாதனை அது.

ஒரு தாத்தா போதும்

இரத்தத்தை மட்டும் வேராகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1962 சீனப் போரின்போது பிறப்பிக்கப்பட்ட அயல்நாட்டார் சட்டத் திருத்தம், பெற்றோருள் ஒருவரோ பாட்டன் பாட்டியருள் ஒருவரோ பகைநாட்டவராயிருந்தால் ஒருவரை அயலாராகக் கருத வழிசெய்தது. தலைமுறைகளாக அசாமிலும் வங்கத்திலும் வாழ்ந்த சுமார் 3,000 சீன வழியினர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் 1963-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலர் அந்நாட்டைக் கண்ணாலும் கண்டவரல்லர். முகாமிலேயே பிறந்த ஜாய் மா, திலீப் டிசௌசாவோடு இணைந்து 2020-இல் எழுதிய 'தேவ்லிவாலாஸ்' இவ்வரலாற்றைச் சொல்கிறது.

ரீட்டா சௌத்ரி 2010-இல் அசாமிய மொழியில் எழுதிய 'மாகம்' என்னும் புதினம் இதையே பொருளாகக் கொண்டது. 2018-இல் 'சைனாடவுன் டேஸ்' என ஆங்கிலத்திலும் வந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளரின் வழிவந்த மெய்லின் என்னும் பெண்ணுக்கும் அசாமிய இளைஞன் புலகனுக்கும் இடையிலான காதலும் பிரிவும் அதன் மையம். வாசகரின் கண்ணீரை வேண்டியதற்கும் மேலாகவே நாடுகிறது என்று அதன்மீது குறை கூற இடமுண்டு. ஆயினும் நாடு கடத்தப்பட்டோரைத் தேடிச் சென்று கண்டு கேட்டு எழுதியவர் அதன் ஆசிரியர். ஆகவே எண்ணிக்கையாகக் கிடந்தோர் அதில் மனிதராக எழுந்து நிற்கின்றனர்.

அப்புதினம் நம் முன் வைக்கும் கேள்வி எளியது, கடுமையானது. சீனத் தாத்தா ஒருவர் இருந்ததை அரசு எண்ணியது. அசாமியத் தாயையும் பாட்டியையும் ஏன் எண்ணவில்லை? இங்கே சீனர் எனத் துரத்தப்பட்டோர் அங்கே இந்தியாவிலிருந்து வந்தவராக ஐயத்தோடு நோக்கப்பட்டனர். காஞ்சி வாசலில் நின்ற எழுவரின் நிலையே இவர்களுடையதும். பிறந்த ஊர் அவர்களை இறந்தோராக எழுதிவிட்டது. மூதாதையர் ஊரோ அவர்களை அறியவில்லை. விரும்பிச் செல்லும் பயணத்துக்கும் விரட்டப்பட்டுச் செல்லும் பயணத்துக்கும் உள்ள தொலைவை மறந்துவிட்டு, வேர்களைப் பற்றி இனிமையாகப் பேசுவது தகாது.

நம் ஏடுகள்

விவிலியமும் தலைமுறை அட்டவணைகளை அறிந்த நூலே. பாபிலோனிய அடிமைத்தளையிலிருந்து திரும்பியோருள் சிலர் தங்கள் தலைமுறைப் பதிவைத் தேடியும் காணாததால் குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டதை எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. ஊர் திரும்பியும் ஏட்டில் பெயர் காணாதவரின் துயரம் அங்கேயும் இருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரமோ வேறொரு வழியைக் காட்டுகிறது. தந்தையரின் பெயர்களாலேயே நெய்யப்பட்ட அவ்வரிசையில் தாமாரும், இராகாபும், மோவாபிய ரூத்தும், உரியாவின் மனைவியும், இறுதியில் மரியாவும் இடம்பெறுகின்றனர். பெருமைக்காக மட்டும் எழுதப்பட்ட வமிசாவளியாயின் எரிகோ நகரத்து இராகாபையும், அயல்நாட்டுக் கைம்பெண்ணாகிய ரூத்தையும் விட்டிருக்கலாம். நற்செய்தியாளர் விடவில்லை. மீட்பரின் வேரில் அயலாரும் உண்டு, இகழப்பட்டோரும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

இந்த மரபின் தொடர்ச்சியாகவே நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டை நாம் காண்கிறோம். திருச்சபைச் சட்டத்தின் 877-ஆம் விதி, திருமுழுக்குப் பெற்றவரின் பெயரோடு பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களையும், பிறந்த இடத்தையும் நாளையும் எழுதப் பணிக்கிறது. அங்கே தாய்க்கும் இடமுண்டு. தோட்டத் தொழிலாளியின் பெயரும் பண்ணையாரின் பெயரும் ஒரே மையில் ஒரே பக்கத்தில் எழுதப்படுகின்றன. இலங்கையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வேர் தேடி வருவோர் பலர் நம் பங்குக் குருக்களிடம் வந்து கேட்பதும் இந்த ஏட்டையே. கறையான் தின்ற பக்கத்தின் முன் நின்று அவர்கள் வெறுங்கையோடு திரும்பும்படி விடுவது நமக்கு அழகன்று. நவம்பர் மாதத்தில் கல்லறைகளைத் துப்புரவு செய்யும் கைகள், அந்த ஏடுகளையும் படியெடுத்துக் காக்கலாம்.

ஏட்டில் ஒன்றாக எழுதப்பட்டோர் கல்லறையில் சாதியால் பிரிக்கப்பட்ட ஊர்களும் நம்மிடையே உண்டு. அத்தகைய இடத்தில் வேரைப் பற்றிப் பேசும் நாம், எந்த வேரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். தந்தைவழியின் உயர்வை மட்டும் தேடிக் காஞ்சிவரை போகும் நாம், மலைச்சரிவில் நம்மை ஏற்றுக்கொண்ட தாயின் பெயரைக் கேட்காமலிருந்தால், நாம் தேடுவது வேரையன்று.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, காஞ்சிக்கு அருகே திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. ஆற்றுக்கு வழி தெரியும். மனிதருக்கு யாராவது எழுதி வைக்க வேண்டும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படங்களை ஒருமுறை இறக்கி, இன்னும் உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் பின்புறத்தில் எழுதுவோம். பாட்டியின் பெயரை முதலில் எழுதுவோம்.